கணினி கேள்வி – பதில்: ஓயாத இண்டெக்ஸர்

கேள்வி: எங்கள் இ-சேவை மையத்தில் சம்பா பயிர்க் காப்பீட்டுப் பதிவு சமயத்தில் நாள் முழுக்க சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் என்று ஸ்கேன் செய்துகொண்டே இருப்போம். விண்டோஸ் 10, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். காலையில் நன்றாக ஓடும் கம்ப்யூட்டர் பதினோரு மணிக்கு மேல் மவுஸை அசைத்தால்கூட நகர மறுக்கிறது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம். முதல் வரியில் 'மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் சர்ச் இண்டெக்ஸர்'. எண்ட் டாஸ்க் கொடுத்தாலும் சற்று நேரத்தில் திரும்ப வந்துவிடுகிறது. – வாசகர், மன்னார்குடி

பதில்: எண்ட் டாஸ்க் இதற்கு உதவாது. இண்டெக்ஸர் பின்னணியில் ஓடும் ஒரு சர்வீஸ் என்பதால் விண்டோஸே அதை மறுபடி எழுப்பிவிடும். அதை நிறுத்துவதைவிட, அது எதைப் படித்துக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

நீங்கள் தேடும்போது சட்டென்று விடை தருவதற்காக, ஒவ்வொரு கோப்பின் பெயரையும் உள்ளே இருக்கும் சொற்களையும் முன்கூட்டியே படித்து அட்டவணை போட்டு வைப்பது இண்டெக்ஸரின் வேலை. நீங்கள் தட்டச்சு செய்யும்போது அது ஒதுங்கிப் போகும். கையை எடுத்தால் வேகம் பிடிக்கும். விவசாயியின் போனுக்கு ஓ.டி.பி. வரட்டும் என்று நீங்கள் காத்திருக்கும் நேரம் அதற்குச் சும்மா இருக்கும் நேரமாகத் தெரியும். அதே நொடியில் ஸ்கேனர் புதுக் கோப்பை எழுதுகிறது, ஆன்டிவைரஸ் அதைச் சோதிக்கிறது, பிரவுசர் பழையதை அப்லோட் செய்கிறது. ஹார்ட் டிஸ்கில் ஊசி முனை இடம் விட்டு இடம் ஓடித்தான் படிக்க வேண்டும். நொடிக்குச் சுமார் நூறு தடவைதான் அப்படி ஓட முடியும். ஒரே மதகிலிருந்து நாலு வயலுக்கும் ஒரே நேரத்தில் பாய்ச்சப் பார்த்தால் எந்த வயலும் நிறையாது. அதுதான் நடக்கிறது.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபாமன்ஸ் பக்கத்தின் அடியில் உள்ள 'ஓபன் ரிசோர்ஸ் மானிட்டர்' என்பதைச் சொடுக்குங்கள். அதில் டிஸ்க் பக்கம் போய், மேல் பட்டியலில் சர்ச்இண்டெக்ஸர், சர்ச்புரோட்டோகால்ஹோஸ்ட் இரண்டுக்கும் டிக் போடுங்கள். கீழே 'டிஸ்க் ஆக்டிவிட்டி' பகுதியில் எந்தக் கோப்பு படிக்கப்படுகிறது என்று முழுப் பாதையோடு வரும். இரண்டு நிமிடம் கவனியுங்கள். ஸ்கேன் ஃபோல்டரின் பெயர்கள் வரிசையாக ஓடினால் வேலைச்சுமைதான் காரணம். ஒரே கோப்பின் பெயர் விடாமல் நின்றால், அந்தக் கோப்பு கெட்டுப்போயிருக்க வாய்ப்பு அதிகம். ஸ்கேன் சேமிக்கும் நேரத்தில் கரண்ட் போய், பாதியில் அறுந்த பி.டி.எஃப். இப்படித்தான் இண்டெக்ஸரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் அடிக்கடி போய்வரும் நம் பக்கத்தில் இதை முதலில் சந்தேகிக்க வேண்டும். அதைத் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் அழித்துவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்.

சுமைதான் காரணம் என்றால், டி டிரைவில் 'ஸ்கேன்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு, ஸ்கேனர் மென்பொருளின் சேமிக்கும் இடத்தை அங்கே மாற்றுங்கள். பிறகு செட்டிங்ஸில் சர்ச், 'சர்ச்சிங் விண்டோஸ்' பக்கம் போய் 'கிளாசிக்' தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். 'என்ஹான்ஸ்டு' இருந்தால் எல்லா டிரைவையும் துழாவும். ஃபோல்டரை எங்கே வைத்தாலும் பயனில்லை. டி டிரைவும் அதே டிஸ்கில் இருப்பதால் வேகம் அதிகரிக்காது. இண்டெக்ஸரின் கண்ணில் படாது, அதற்குத்தான் இந்த மாற்றம். ஃபோல்டரை மாற்ற முடியாதவர்கள் கண்ட்ரோல் பேனலில் 'இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ்', 'மாடிஃபை' போய் அந்த ஃபோல்டரின் டிக்கை எடுத்துவிடலாம். எடுத்த பிறகும் சில நிமிடம் டிஸ்க் ஓடும்; பழைய பதிவுகளை நீக்குகிறது, பயப்பட வேண்டாம்.

இன்னொன்றும் யோசியுங்கள். ஸ்கேன் செய்த பி.டி.எஃப்.பின் உள்ளே இருப்பது படம். ஓ.சி.ஆர். (படத்தில் உள்ள எழுத்தை உரையாக மாற்றுவது) போடாத ஸ்கேனில் எழுத்தே கிடையாது. அதன் உள்ளடக்கத்தை இண்டெக்ஸர் எத்தனை தரம் படித்தாலும் உங்களுக்கு ஒன்றும் கிடைக்கப்போவதில்லை. இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸில் 'அட்வான்ஸ்டு', 'ஃபைல் டைப்ஸ்' போய் பி.டி.எஃப். என்ற வரியைத் தேர்ந்து 'இண்டெக்ஸ் பிராப்பர்ட்டீஸ் ஒன்லி' என்று வையுங்கள். அட்டவணையை முதலிலிருந்து கட்டவேண்டும் என்று விண்டோஸ் சொல்லலாம். அதனால் மையத்தைச் சாத்தும் நேரத்தில் செய்யுங்கள்.

கோப்பின் பெயரிலேயே ஊரும் சர்வே எண்ணும் இருந்தால் தேடலுக்கு அது போதும்: 'வடுவூர் 214-3 சிட்டா' என்பது போல. 214/3 என்று சாய்கோடு போட்டால் விண்டோஸ் ஏற்காது, சிறுகோடு போடுங்கள். 'ஸ்கேன்0001' என்று விட்டுவிட்டுப் பிறகு தேடுவதில் போகும் நேரம், பெயர் வைக்க ஆகும் நேரத்தைவிட எப்போதும் அதிகம்.

கேள்வி: ஆபீஸ் கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்று ரிப்பேர்காரர் விண்டோஸ் சர்ச்சை நிறுத்திவிட்டார். வேகம் வந்தது, ஆனால் அவுட்லுக்கில் பழைய மெயிலைத் தேடினால் கிடைப்பதில்லை. – வாசகி, கும்பகோணம்

பதில்: கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருக்கும் மெயில்களைத் தேட அவுட்லுக் நம்பியிருப்பது இதே அட்டவணையைத்தான். வரி நோட்டீஸ், கிளையன்ட் மெயில் என்று தினமும் தேடுபவர்கள் இதை நிறுத்தக்கூடாது என்பது என் கருத்து. விண்டோஸ், ஆர் விசைகளைச் சேர்த்து அழுத்தி 'சர்வீசஸ் டாட் எம்.எஸ்.சி.' கொடுங்கள். பட்டியலில் 'விண்டோஸ் சர்ச்' மீது இரட்டைச் சொடுக்கு. ஸ்டார்ட்டப் டைப்பை 'ஆட்டோமேட்டிக் (டிலேய்டு ஸ்டார்ட்)' என்று மாற்றி அப்ளை, பிறகு ஸ்டார்ட். டிலேய்டு என்று வைத்தால் கம்ப்யூட்டர் எழுந்து நிற்கும்வரை அது காத்திருக்கும்.

அதன் பிறகும் தேடல் அரைகுறையாக இருந்தால் இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு போய் 'ரீபில்டு' கொடுங்கள்; அட்டவணையை முதலிலிருந்து கட்டும். கோப்புகள் நிறைய இருந்தால் பல மணி நேரம் ஆகும். முதல் நாள் கம்ப்யூட்டர் இழுக்கத்தான் செய்யும். மாலையில் ஆரம்பித்து, ஸ்லீப் ஆகாதபடி பவர் செட்டிங்கை மாற்றிவிட்டு, யு.பி.எஸ்.ஸில் விட்டுப் போங்கள். நடுவில் கரண்ட் போனால் அட்டவணை கெட்டு, இதே தொல்லை திரும்பலாம். எவ்வளவு மிச்சம் என்பதை அவுட்லுக்கின் சர்ச் டூல்ஸில் 'இண்டெக்ஸிங் ஸ்டேட்டஸ்' காட்டும். அட்டவணையில் உள்ளவற்றின் மொத்த எண்ணிக்கை 4 லட்சத்தைத் தாண்டினால் கம்ப்யூட்டர் தடுமாறலாம் என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்கிறது. பழைய ஆண்டுகளின் பேக்கப் ஃபோல்டர்களை இண்டெக்ஸிலிருந்து எடுத்துவிட்டால் அந்த எண்ணிக்கை கணிசமாகக் குறையும்.

கேள்வி: அரசு கொடுத்த பழைய லேப்டாப் வைத்திருக்கிறேன். சர்ச்சை நிறுத்திய பிறகும் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறது. – மாணவர், வேதாரண்யம்

பதில்: அப்படியானால் இண்டெக்ஸர் மேல் பழி போட வேண்டாம், சர்ச்சைத் திரும்ப ஓட விடுங்கள். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் தலைப்பைச் சொடுக்கி, யார் முதலில் வருகிறார்கள் என்று பாருங்கள். ஆன்டிமால்வேர் சர்வீஸ், விண்டோஸ் அப்டேட் என்றால் ஒரு இரவு சார்ஜரில் போட்டு ஓட விட்டாலே பெரும்பாலும் அடங்கிவிடும். நொடிக்கு ஒன்றிரண்டு எம்.பி.கூடப் போகாமல் 100 சதவீதம் காட்டினால் டிஸ்கே சாகக்கிடக்கிறது என்று சந்தேகப்படுங்கள். 'கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ' என்ற இலவச மென்பொருளை ஓட்டி 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பாருங்கள்; டிஸ்கில் கெட்டுப்போன இடங்களின் கணக்கு அவை. கடைசி நெடுவரிசையில் சுழியம் தவிர வேறு எண் வந்தால், வேறு எதையும் செய்யும் முன் உங்கள் பாடக்குறிப்பு, சான்றிதழ் ஸ்கேன் எல்லாவற்றையும் பென்டிரைவில் எடுத்துவிடுங்கள்.

டிஸ்க் நன்றாக இருந்தாலும் அதை எடுத்துவிட்டு 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. போடுவதுதான் பழைய லேப்டாப்புக்கு நான் சொல்லும் முதல் செலவு. 240 அல்லது 256 ஜிபி போதும். ஊசியும் சுற்றும் தகடும் இல்லாததால் இண்டெக்ஸர் ஓடுவதே தெரியாது. ராம் 2 ஜிபிதான் என்றால் அதையும் கூட்டுங்கள். வாங்கும் முன் பழைய ராமைக் கழற்றி டி.டி.ஆர்.3-யா 4-ஆ என்பதையும், பக்கத்தில் 'எல்' (குறைந்த மின்னழுத்த வகை) இருக்கிறதா என்பதையும் ஸ்டிக்கரில் பாருங்கள். டி.டி.ஆர்.3-உம் 4-உம் ஒன்றின் இடத்தில் ஒன்று பொருந்தாது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், புது எஸ்.எஸ்.டி.யில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுவதையும் யோசிக்கலாம்.

கேள்வி: உபுண்டு லினக்ஸில் 'டிராக்கர்' என்று ஒன்று சி.பி.யு.வைத் தின்கிறது. அது வைரஸா? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: இல்லை, அதுவும் ஒரு இண்டெக்ஸர்தான். செட்டிங்ஸ், சர்ச் போய் 'சர்ச் லொகேஷன்ஸ்' பட்டியலில் டவுன்லோட்ஸ், வீடியோஸ் போன்ற பெரிய ஃபோல்டர்களை அணைத்துவிடுங்கள். டாக்குமென்ட்ஸை மட்டும் விட்டுவையுங்கள்.