சைபர் பாதுகாப்புக் கொள்கை வகுப்பதில் அறத்துக்கு என்ன வேலை?

"ஃபயர்வால், பாஸ்வேர்டு எல்லாம் இருக்கும்போது இதில் அறம் எங்கே வருகிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்தவரை, ஒரு தளத்தின் பாதுகாப்பில் இருக்கும் ஓட்டை தெரிந்தவர் யாரிடம், எப்போது சொல்லவேண்டும் என்ற இடத்தில்தான் வருகிறது.

தண்டையார்பேட்டையில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். காசிமேட்டிலிருந்து வருபவர்கள் ஆதாரைக் கொடுத்து "நீயே பாத்துப் போட்டுடு தம்பி" என்று சொல்லிவிட்டு, ஓடிபியைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வார்கள். சில வருடம் முன்பு ஒரு தனியார் தளத்தில் ரசீது எடுக்கும்போது இணைய முகவரியின் கடைசியில் இருந்த எண்ணைத் தவறாக அடித்துவிட்டேன், யாரோ ஒருவருடைய போன் நம்பர், வங்கிக் கணக்கு எல்லாம் திரையில் வந்து நிற்கிறது. உடனே மெயில் போட்டேன். 'அனுமதியில்லாமல் நுழைந்திருக்கிறீர்கள், நடவடிக்கை எடுப்போம்' என்று பதில் வந்தது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தாலும் ஓட்டை அப்படியேதான் இருந்தது (ஆமாம், திரும்பவும் பார்த்தேன், தப்புதான்).

அப்புறம் சட்டத்தைத் தேடிப் படித்தேன். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 66-ஆம் பிரிவில், அனுமதியில்லாமல் நுழைந்தால் 3 வருடச் சிறை வரை உண்டு, ஆனால் நேர்மையற்ற நோக்கமோ மோசடி எண்ணமோ இருக்கவேண்டும். நஷ்டஈடு கேட்கிற 43-ஆம் பிரிவுக்கு உரிமையாளரின் அனுமதி இல்லை என்பதே போதும், நல்லெண்ணத்தில் சொன்னவருக்கு என்று அதில் தனி விலக்கு கிடையாது. இப்படி இருந்தால் அடுத்தவன் எதற்கு வாயைத் திறப்பான்?

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2017 மே மாதத்து வான்னாக்ரை இருக்கிறது, கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வைரஸ். விண்டோஸில் இருந்த ஓட்டையை அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ தன் வேலைக்காக மறைத்து வைத்திருந்தது, அந்த ஓட்டை வழியே நுழைய அவர்கள் செய்த கருவி வெளியே கசிந்து, கடைசியில் அடி வாங்கியது பிரிட்டன் மருத்துவமனைகளும் அங்கே சிகிச்சைக்குக் காத்திருந்த நோயாளிகளும்.

இங்கே 2022-இல் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி, தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனம் அவர்களுக்குச் சொல்லவேண்டும். சரி, அது அரசுக்கு. தகவல் பறிபோன ஆளுக்கும் சொல்லவேண்டும் என்று எழுத 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வரவேண்டியிருந்தது.

நானும் யோக்கியன் இல்லை. வாடிக்கையாளர்களின் ஆதார் ஸ்கேன்கள் என் கம்ப்யூட்டரில் அப்படியே குவிந்து கிடந்தன, அந்த மெயிலுக்குப் பிறகுதான் எல்லாவற்றையும் அழித்தேன். அடுத்த வாரம் வந்த ஒரு அக்கா, "உன்கிட்டதான இருக்கும்னு வெறுங்கையோட வந்தேன், இப்ப திரும்ப வீட்டுக்குப் போணுமா?" என்று கத்திவிட்டுப் போனார்.