பாங்காக்: அரண்மனைக்கு அப்பால், கேள்வி பதில்

14 வருஷமாக பாங்காக்கில் வேலை. ஊரிலிருந்து யார் வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை அவர்களைச் சந்து சந்தாக அழைத்துப் போய்விடுவேன். கிராண்ட் பேலஸ், வாட் அருண், சதுச்சாக் சந்தை பற்றி நிறையப் பேர் எழுதியாயிற்று. மற்றது எதுவானாலும் கேளுங்கள்.

சேலத்திலிருந்து: அண்ணா, போன தடவை டூர் பஸ்ஸில் மூன்று நாள் சுற்றியும் அரண்மனையும் மாலும்தான் பார்த்தோம். இந்தத் தடவை ஒரு நாள்தான் கையில். எங்கே போவது?

பழைய நகரம். ஒரு நாள் முழுக்க அங்கேயே இருங்கள். காலை எட்டு மணிக்குள் சாம் யோட் மெட்ரோவில் இறங்கினால், கொஞ்ச தூரத்தில் சிவப்பு நிறத்தில் வானுயர ஒரு ஊஞ்சல் சட்டம் நிற்கும். அதுதான் சாவ் சிங் ச்சா. எதிரே வாட் சுதாத். உள்ளே இருக்கும் எட்டு மீட்டர் உயர வெண்கலப் புத்தரைப் பழைய தலைநகரான சுகோதாயிலிருந்து ஆற்று வழியாகக் கொண்டுவந்தார்கள். கூட்டமே இருக்காது. தரையில் உட்கார்ந்து சுவரோவியங்களை நிதானமாகப் பாருங்கள். அப்புறம் பக்கத்துத் தெருவில் தேவசதான் என்ற பிராமணர் கோயில், அடுத்து பிச்சைப் பாத்திரம் செய்யும் பான் பாத் சந்து, கடைசியில் 37 கூம்புகளோடு நிற்கும் லோஹ பிரசாத். எல்லாமே நடக்கும் தூரம். திரும்பும்போது கால்வாய்ப் படகு ஏறுங்கள். படகு முழுசாக நிற்கும் வரை காத்திருக்க மாட்டார்கள், கயிற்றைப் பிடித்துச் சட்டென்று ஏற வேண்டும். வயதானவர்கள் கூட இருந்தால் டாக்ஸியே நல்லது.

மதுரையிலிருந்து ஒரு தமிழாசிரியை: தாய்லாந்தில் திருவெம்பாவை பாடுகிறார்கள் என்று வகுப்பில் சொல்லிவருகிறேன். நேரில் கேட்க முடியுமா சார்?

முடியும் டீச்சர். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன்.

நான் மேலே சொன்ன தேவசதான், நம் 'தேவஸ்தானம்' என்ற சொல்லேதான். 1784-இல் மன்னர் முதலாம் ராமா கட்டியது. வெள்ளைச் சுவரோடு மூன்று சின்னச் சந்நிதிகள்: சிவன், பிள்ளையார், நாராயணன். அரச சடங்குகளை நடத்தும் தாய்லாந்து பிராமணர்களின் கோயில். வெள்ளை உடையும் குடுமியுமாக இருப்பார்கள். பேசுவது தாய்லாந்து மொழி, தமிழ் தெரியாது.

வருஷா வருஷம் டிசம்பர், ஜனவரி வாக்கில் 15 நாள் ஒரு விழா. பெயர் 'த்ரியம்பவாய் த்ரிபவாய்'. வாய்விட்டு இரண்டு தடவை சொல்லிப் பாருங்கள், திருவெம்பாவையும் திருப்பாவையும் தானாக வந்து நிற்கும். வளர்பிறை ஏழாம் நாள் சிவன் பூமிக்கு இறங்கிவந்து பத்து நாள் தங்குகிறார், அவர் போனதும் நாராயணன் வந்து ஐந்து நாள் இருக்கிறார் என்பது அவர்கள் நம்பிக்கை. முதல் பாட்டு 'சிவாலயக் கதவு திறப்பு' என்ற சடங்கில் வரும். நம் திருவெம்பாவையிலும் தோழியர் வாசலில் நின்று உள்ளே தூங்குகிறவளை எழுப்புகிறார்கள் இல்லையா? அந்த இடத்தை நினைத்துக்கொண்டேன்.

முதல் தடவை போனபோது ஒரு சொல்லும் பிடிபடவில்லை. உச்சரிப்பு அவ்வளவு மாறியிருக்கிறது, தாய்லாந்து மொழியின் ராகத்தில் இழுத்துப் பாடுகிறார்கள். ஏடுகள் கிரந்தத்திலிருந்து வந்த எழுத்தில் இருப்பவை, பொருள் தெரியாமலே தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்து காப்பாற்றியிருக்கிறார்கள். இரண்டாவது வருஷம் 'ஆதியும் அந்தமும் இல்லா' பாட்டை முந்தின நாள் படித்துவிட்டுப் போனேன். அப்போதும் பாதி புரியவில்லை. ஆனால் நடுவில் ஓர் இடத்தில் அடிகள் முடிகிற தாளம் நம் பாட்டின் தாளமாகவே காதில் விழுந்தது. கண் கலங்கிவிட்டது. தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் இதைப் பற்றி எழுதியிருக்கிறார், பள்ளி நூலகத்தில் இருந்தால் மாணவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

கடைசியில் சாமி உருவங்களை அன்னத்தின் மேல் வைத்து ஊஞ்சலாட்டித் தாலாட்டுகிறார்கள். திருவாசகத்தின் திருப்பொன்னூசல் உங்களுக்கு உடனே நினைவு வரும். வெளியே நிற்கும் பெரிய ஊஞ்சலும் இதே விழாவுக்குத்தான். இளைஞர்கள் உயர உயர ஆடி, மூங்கிலில் தொங்கும் காசு முடிச்சைப் பல்லால் கவ்வுவார்கள். 1935-இல் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போதுள்ள தேக்குச் சட்டம் 2007-இல் மாற்றி நிறுவியது.

பிறை பார்த்துத் தேதி வருஷத்துக்கு வருஷம் மாறும். டிக்கெட் போடுமுன் கோயிலில் கேட்டுவிடுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து: அநுராதபுரத்து லோவமகாபாய மாதிரி ஒண்டு அங்க இருக்குதாம். உண்மையோ அண்ணை?

உண்மைதான் தம்பி. அதுதான் லோஹ பிரசாத், வாட் ராட்சநத்தா கோயிலுக்குள். அநுராதபுரத்தில் துட்டகைமுனு மன்னர் கட்டிய அந்தப் பௌத்த மாளிகையில் இப்போது கற்றூண்கள் மட்டும் நிற்கின்றன இல்லையா? அந்த மரபைப் பின்பற்றி மூன்றாம் ராமா 1846-இல் தொடங்கியது இது. 37 கூம்புகள், ஞானத்துக்கு உதவும் 37 தர்மங்களுக்கு ஒவ்வொன்று. நடுவில் சுழல் படிக்கட்டு உச்சி வரை போகும். வெகுகாலம் முன்னால் ஒரு சினிமா தியேட்டர் மறைத்துக்கொண்டிருந்தது, 1989-இல் அதை இடித்த பிறகுதான் சாலையிலிருந்தே முழுசாகத் தெரிகிறது. அநுராதபுரம் பார்த்த கண்ணோடு இதைப் பார்க்க உங்களுக்குக் கொடுத்து வைத்திருக்கிறது.

கோவையிலிருந்து: லேத் பட்டறை வைத்திருக்கிறேன்ங்க. கைவேலை பார்க்க ஏதாவது இடம் இருக்குங்களா?

பான் பாத்துக்குப் போங்க. பௌத்தத் துறவிகளின் பிச்சைப் பாத்திரத்தைக் கையாலேயே செய்யும் சந்து. பெரிய பலகையைத் தேடாதீர்கள், சுத்தியல் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் இரும்புப் பட்டையை வளைத்து வாய் வளையம். அதற்குக் குறுக்கும் நெடுக்குமாகப் பட்டைகள் வைத்து எலும்புக்கூடு. இடைவெளிகளில் இலை மாதிரி வெட்டிய தகடுகள். மொத்தம் எட்டுத் துண்டு, புத்தர் சொன்ன எண்வகை மார்க்கத்தைக் குறிக்கிறது என்பார்கள். இணைப்புகளில் செம்புப் பொடியும் வெங்காரமும் பூசி நெருப்பில் வைக்கிறார்கள். செம்பு உருகி இடுக்கெல்லாம் ஓடி அடைத்துக்கொள்கிறது. உங்கள் பட்டறை பிரேசிங்தான், டார்ச் இல்லாமல். வெளியே எடுத்ததும் கறுப்பு இரும்பில் செம்புக்கோடுகள் இலை நரம்பு மாதிரி பளபளக்கும். அதற்குப் பிறகுதான் மணிக்கணக்காகத் தட்டி உருண்டை ஆக்குவதும் அரம் போடுவதும். அங்கே ஒரு பாட்டி முடித்த பாத்திரத்தை என் காதருகே பிடித்து விரலால் சுண்டினார். கோயில் மணி மாதிரி இழுத்து ஒலித்தது.

மெஷினில் அடித்த மலிவுப் பாத்திரம் வந்த பிறகு இந்த வேலை சில வீடுகளோடு சுருங்கிவிட்டது. பார்த்துவிட்டுச் சும்மா வராதீர்கள், சின்னதாக ஒன்றாவது வாங்குங்கள்.

பினாங்கிலிருந்து: எங்கள் ஊரில் கோயில், மசூதி, சர்ச் எல்லாம் ஒரே தெருவில். பாங்காக்கில் அப்படி உண்டா?

உண்டு, ஆற்றின் மேற்குக் கரையில் குடி சீன். நம் 'குடி' இல்லை, துறவியின் குடில் என்று பொருள். பழைய தலைநகர் அயுத்தயா விழுந்த பிறகு தக்சின் மன்னர் போர்த்துக்கீசிய வம்சாவளியினருக்குக் கொடுத்த இடம். சாந்தா குரூஸ் தேவாலயத்தின் இப்போதைய கட்டடம் 1916-ஐச் சேர்ந்தது. பக்கத்திலேயே சீனக் கோயில், பௌத்த விகாரம், கொஞ்சம் நடந்தால் தாய்லாந்துக் கோயில் கூரையோடு வெள்ளை பாங் லுவாங் மசூதி. சந்துக்குள் வாத்து முட்டை, மைதா, சர்க்கரை மட்டும் அடித்து, ஈஸ்ட் போடாமல் சுடும் கேக் கிடைக்கும். சூடாக இருக்கும்போதே சாப்பிடுங்கள்.

சென்னையிலிருந்து: நாங்கள் சுத்த சைவம். சமாளிக்க முடியுமா?

மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து இருக்கும் கடைகளைப் பாருங்கள், 'ஜே' என்று சொல்லுங்கள். முட்டை, மீன் சாஸ் எதுவும் இருக்காது. நம் சாப்பாடே வேண்டுமென்றால் சிலோம் மாரியம்மன் கோயில் வட்டாரம்.

திருச்சியிலிருந்து: குழந்தைகள் எட்டும் ஐந்தும். கோயில் கோயிலாகப் போனால் அழுவார்கள் அண்ணா.

க்ளோங் பாங் லுவாங் கால்வாய் ஓரத்து மரவீடான பான் சிலபின். ஒரு பொம்மையை மூன்று பேர் சேர்ந்து ஆட்டுவார்கள், ஒருவருக்குத் தலை, மற்றவர்களுக்குக் கையும் காலும். அனுமன் பொம்மை கூட்டத்துக்குள் வந்து குழந்தைகளைத் தொட்டுப் பார்க்கும். நிகழ்ச்சி தினமும் இருக்காது, போன் பண்ணிவிட்டுப் போங்கள். படித்துறையில் மீன்களுக்குப் பொரி போடலாம், சின்னவனின் கையை மட்டும் விடாதீர்கள். அங்கே கைப்பிடிச் சுவர் கிடையாது.