டி.பார்ம் செலவு குறைவு, பி.பார்முக்குக் கடன் வேண்டும்: மகளை எதில் சேர்ப்பது?

கேள்வி: என் மகள் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்துத் தேர்ச்சி பெற்றிருக்கிறாள். மருந்து தயாரிக்கும் நிறுவனத்தில் ஆய்வகப் பணிக்குப் போக வேண்டும் என்பது அவள் விருப்பம். கலந்தாய்வில் பி.பார்ம் (நான்கு ஆண்டு மருந்தியல் பட்டப்படிப்பு) இடம் கிடைத்திருக்கிறது; ஆண்டுக்கு எல்லாமாக 1,25,000 ரூபாய் ஆகும். டி.பார்ம் (இரண்டு ஆண்டு டிப்ளமோ) என்றால் ஆண்டுக்கு 70,000 ரூபாயில் முடிந்துவிடும். நானும் மனைவியும் சேர்ந்து மாதம் 35,000 ரூபாய் சம்பாதிக்கிறோம். 2015-இல் தொடங்கிய செல்வமகள் கணக்கில் சுமார் 2.8 லட்சம் ரூபாய் இருக்கிறது. 6 பவுன் நகையும் உண்டு. தெரிந்த மருந்துக் கடைக்காரர் ஒருவர், டி.பார்ம் முடித்ததும் சான்றிதழைத் தன் கடையில் வைத்தால் போதும், மாதம் 8,000 ரூபாய் தருகிறேன் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: கடைசியாகச் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன், டி.பார்ம் பக்கம் உங்கள் மனம் சாய்வதற்கு அந்த 8,000 ரூபாயே காரணம் என்று உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது தோன்றுகிறது. அந்தத் தொகையை வருமானமாகக் கணக்குப் போடுவதை இன்றே விட்டுவிடுங்கள். மருத்துவரின் சீட்டுக்குப் பதிவுபெற்ற மருந்தாளுநர் மட்டுமே மருந்து வழங்கலாம் என்பது 1948-ஆம் ஆண்டின் பார்மசி சட்டத்தின் 42-ஆவது பிரிவு. கடையில் சான்றிதழை வைப்பது என்றால், அங்கே நடக்கும் விற்பனையெல்லாம் உங்கள் மகளின் மேற்பார்வையில் நடப்பதாக அரசுக்கு எழுதிக் கொடுப்பது. கூடுதல் கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய மருந்துகளின் எச்1 பட்டியலில் உள்ள ஆன்டிபயாடிக், தூக்க மருந்து போன்றவற்றை விற்றால், சீட்டு எழுதிய மருத்துவர், நோயாளி, மருந்தின் பெயர், எண்ணிக்கை ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் குறித்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அரசின் மருந்து ஆய்வாளர் வந்து அந்தப் பதிவேட்டைப் புரட்டும்போது, கடைக்கே வராத உங்கள் மகள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். குற்றம் உறுதியானால் மருந்தாளுநர் பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்க மாநில பார்மசி கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. படித்த படிப்பையே பணயம் வைக்கும் இந்த ஏற்பாட்டை வருமானம் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

இனி படிப்புக்கு வருவோம். டி.பார்ம் மட்டமான படிப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு ஆண்டுப் பாடமும் 500 மணி நேரப் பயிற்சியும் முடித்தவர், மருத்துவமனையிலும் மருந்துக் கடையிலும் முழுத் தகுதியுள்ள மருந்தாளுநர். சொந்தக் கடை வைக்க நினைப்பவருக்கும் அதுவே போதும். ஆனால் 2022-இல் வந்த விதிமுறையின்படி, டி.பார்ம் முடித்தவர்கள் பதிவு செய்வதற்கு முன் 3 தாள்கள் கொண்ட தகுதித் தேர்வில் ஒவ்வொரு தாளிலும் 50 சதவீதம் பெற வேண்டும். படிப்பு முடிந்த மறுநாளே சம்பளம் என்று இதனால் கணக்குப் போட முடியாது. பி.பார்ம் பட்டதாரிகளுக்கு இந்தத் தேர்வு கிடையாது.

உங்கள் மகள் விரும்புவது தயாரிப்பு நிறுவனத்தின் ஆய்வகம். தயாரிப்பு, தரக்கட்டுப்பாடு ஆகிய பிரிவுகளில் பொறுப்பான இடங்களுக்குப் பட்டம் கேட்கிறார்கள். மருந்து ஆய்வாளர் பணிக்கும் டிப்ளமோ போதாது. ஜிபாட் நுழைவுத் தேர்வு எழுதி முதுநிலைப் படிப்பான எம்.பார்ம் சேரவும் பட்டம்தான் வாசல். டி.பார்ம் முடித்துவிட்டு பி.பார்ம் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம் என்பது உண்மையே. ஆனால் அதற்கு இரண்டும் மூன்றுமாகக் குறைந்தது 5 ஆண்டுகள் ஆகும். உங்கள் தொகைகளையே வைத்துப் பார்த்தால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு 1,40,000, அடுத்த மூன்றுக்கு 3,75,000, ஆக 5,15,000 ரூபாய். நேரடியாக பி.பார்ம் படித்தால் 5,00,000 ரூபாய். விலை குறைவு என்று நினைத்த பாதையில் 15,000 ரூபாய் கூடுதலாகவும் ஓர் ஆண்டு வீணாகவும் போகிறது. கையில் பி.பார்ம் இடம் இருக்கும்போது அதை விட வேண்டாம் என்பதே என் கருத்து.

அந்த 5 லட்சத்துக்கு வழி இருக்கிறது. மகளுக்கு 18 வயது நிறைந்திருந்தாலோ 10-ஆம் வகுப்பு முடித்திருந்தாலோ, முந்தைய நிதியாண்டின் இறுதியில் செல்வமகள் கணக்கில் இருந்த இருப்பில் பாதி வரை உயர்கல்விக்காக எடுக்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை என 5 ஆண்டுகள் வரை பிரித்தும் எடுக்கலாம். சேர்க்கைக் கடிதமோ கட்டண ரசீதோ கேட்பார்கள். உங்கள் கணக்கில் 1.4 லட்சம் வரை கிடைக்கும். ஆண்டுக்கு 25,000 வீதம் 1 லட்சம் எடுத்தால் போதும். மீதி 40,000 ரூபாயைக் கடைசி ஆண்டில் எதிர்பாராத செலவு வந்தால் தொடலாம். கணக்கை மூடாதீர்கள், முதிர்வு ஆண்டான 2036 வரை அது வளரட்டும்.

மீதி 4 லட்சத்துக்கு வங்கியின் கல்விக் கடன். 4 லட்சம் வரை அடமானமும் இல்லை, நம் பங்காக முன்பணமும் இல்லை. பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட வேண்டும், அவ்வளவுதான். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்கும். ஆண்டுக்கு 1 லட்சம் வீதம், 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். இந்த 5 ஆண்டுகளில் எதுவும் கட்டாமல் விட்டால் தனிவட்டியே 1,40,000 ரூபாய் சேர்ந்து, கடன் 5,40,000 ஆக நிற்கும். 10 ஆண்டில் அடைக்க மாதத் தவணை ஏறக்குறைய 7,136 ரூபாய். அதற்குப் பதிலாக, வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டி வந்தால் (முதல் ஆண்டில் மாதம் 833 ரூபாய், நான்காம் ஆண்டில் 3,333 ரூபாய்) தவணை 5,286 ரூபாயோடு நிற்கும். முன்கூட்டியே கட்டிய 1,40,000 ரூபாயைக் கழித்த பிறகும் ஏறத்தாழ 82,000 ரூபாய் மிச்சம். படிக்கும் காலத்தில் வட்டி கட்டுவோருக்கு வட்டி விகிதத்தில் சலுகை தரும் வங்கிகளும் உண்டு, விண்ணப்பிக்கும்போதே கேளுங்கள்.

அந்த வட்டியைக்கூட நீங்கள் கட்டத் தேவையில்லாமல் போகலாம். பெற்றோரின் ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், படிப்புக் காலமும் அதற்குப் பிந்தைய ஓராண்டும் வட்டியை மத்திய அரசே ஏற்கும் மானியத் திட்டம் இருக்கிறது. உங்கள் வருமானம் 4,20,000 ரூபாய். கல்லூரியின் தர அங்கீகாரம் குறித்த நிபந்தனைகளும் உண்டு என்பதால், வருவாய்த் துறையின் வருமானச் சான்றிதழோடு வங்கிக்குப் போய், இந்தக் கல்லூரிக்கு மானியம் பொருந்துமா என்று எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள். நடுவில் படிப்பை விட்டால் மானியம் போய்விடும் என்பதை மகளிடமும் சொல்லி வையுங்கள்.

நகையைத் தொட வேண்டாம். பெரும்பாலும் ஓராண்டுக்குள் திருப்ப வேண்டிய நகைக் கடனை 4 ஆண்டுப் படிப்புக்கு வாங்கினால், ஒவ்வோர் ஆண்டும் மறு அடகு வைத்துக்கொண்டே இருக்க நேரும். குடும்பத்தில் ஒரு மருத்துவச் செலவு வந்தால் அன்று உதவப் போவது அந்த 6 பவுன்தான்.

கட்டணம் கட்டுமுன் ஒரே ஒரு வேலை பாக்கி. கல்லூரிக்கு, பார்மசி சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி இந்திய பார்மசி கவுன்சில் தரும் அங்கீகாரம், மகள் சேரும் கல்வியாண்டுக்கும் பி.பார்ம் படிப்புக்கும் இருக்கிறதா என்று கவுன்சிலின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். டி.பார்முக்கு அங்கீகாரம் வைத்துக்கொண்டு, பி.பார்முக்கு விண்ணப்பித்திருக்கிறோம் என்று சொல்லும் நிறுவனங்களும் இருக்கின்றன. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு தாய், இரண்டு ஆண்டு கட்டணமும் கட்டி முடித்த பிறகு மகனின் சான்றிதழைப் பதிவு செய்ய முடியாது என்று தெரிந்து, ரசீதுகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு என் முன் உட்கார்ந்திருந்தார். கடன் மட்டும் அப்படியே இருந்தது. உங்கள் கல்லூரியின் பெயர் அந்தப் பட்டியலில் இருந்தால் அந்தப் பக்கத்தை அச்சிட்டு, சேர்க்கைக் கடிதம், கட்டண விவரம், மதிப்பெண் பட்டியல், வருமானச் சான்றிதழ் ஆகியவற்றோடு வைத்து கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். முதல் தவணை கல்லூரிக்குப் போய்ச் சேர நாளாகும்.