ஏரிக்கரைக்கு எந்தக் கண்ணாடி? இளவேனிலில் பறவை பார்ப்போரின் கேள்விகளும் பதில்களும்

மாசி முடிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் பறவை பார்ப்பது பற்றியும் அதற்கான கருவிகள் பற்றியும் கேள்விகள் வரத் தொடங்கிவிடுகின்றன. அவற்றுள் பலருக்கும் பொதுவாகப் பயன்படக்கூடிய ஐந்துக்கு மட்டும் இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியர், வயது 61. மூக்குக்கண்ணாடி அணிகிறேன். மதுராந்தகத்தில் இருப்பதால் வேடந்தாங்கலுக்கும் கரிக்கிலிக்கும் அடிக்கடி போய்வர முடியும். பத்தாயிரம் ரூபாய்க்குள் பைனாகுலர் வாங்க நினைத்துக் கடைக்குப் போனபோது, 8×42, 10×50, 20×50 என மூன்றைக் காட்டி, "20 மடங்கு இருக்கும்போது 8 எதற்கு ஐயா?" என்று கடைக்காரர் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எதை வாங்கலாம்?

பதில்: 8×42 தான் உங்களுக்கு ஏற்றது. கடைக்காரரின் கேள்விக்குரிய பதிலும் அந்த எண்களுக்குள்ளேயே இருக்கிறது. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பதையும், இரண்டாவது எண் முன்புறக் கண்ணாடியின் விட்டம் எத்தனை மி.மீ. என்பதையும் குறிக்கின்றன. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 8×42-ல் அது 5.25 மி.மீ.; 20×50-ல் 2.5 மி.மீ. மட்டுமே. விடியற்காலையில் கருவேல மரத்து நிழலில் ஒடுங்கி நிற்கும் வக்காவைப் பார்க்கும்போது இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்: ஒன்றில் வக்காவின் சிவந்த கண் வரை துலங்கும், மற்றொன்றில் பெரியதொரு சாம்பல் நிழல்தான் தெரியும்.

மடங்கு கூடும்போது பறவையோடு சேர்ந்து கையின் நடுக்கமும் அதே அளவு பெரிதாகிறது. பார்வைக்குள் அடங்கும் பரப்போ சுருங்கிவிடுகிறது. ஆயிரம் மீட்டர் தொலைவில் 8 மடங்குக் கருவி ஏறத்தாழ 120 மீட்டர் அகலத்தைக் காட்டுமென்றால், 20 மடங்குக் கருவி அதில் பாதி அளவைத்தான் காட்டும். பறந்துகொண்டிருக்கும் கூழைக்கடாவை அந்தச் சிறிய வட்டத்துக்குள் கொண்டுவருவதற்குள் அது மரத்தில் இறங்கிவிடும். பல ஆண்டுகளுக்கு முன் நானே 10 முதல் 30 மடங்கு வரை கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு பைனாகுலரை ஆசைப்பட்டு வாங்கிப் பள்ளிக்கரணைக்கு எடுத்துச் சென்றேன். அன்று முழுவதும் ஆடுகிற கோரைப்புல்லைத்தான் பார்த்தேன்.

இவை எல்லாப் பருவத்துக்கும் பொருந்தும். இளவேனிலுக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. காலை ஒன்பது மணிக்கு மேல் வெயிலில் காய்ந்த சேற்றிலிருந்தும் மணலிலிருந்தும் சூடான காற்று எழுந்து, நமக்கும் பறவைக்கும் இடையே கானலாக அலையத் தொடங்கும். எவ்வளவு விலை உயர்ந்த கண்ணாடியானாலும் அந்த அலைவை நீக்காது. மடங்கைக் கூட்டினால் அலைவும் கூடித் தெரியும். ஆகவே கோடையில் அதிக மடங்குக்குக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் வீண். அதைவிட, ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்து புறப்படுவதில் கிடைக்கும் தெளிவு அதிகம்.

நீங்கள் குறிப்பிட்ட தொகைக்குள் நல்ல போரோ வகை 8×40 அல்லது 8×42 கிடைக்கும். போரோ என்பது முன்கண்ணாடிகள் அகன்றும் பின்கண்ணாடிகள் நெருங்கியும் தோள்பட்டை வைத்தாற்போல் இருக்கும் பழைய வடிவம். நேர்க்குழாய் வடிவிலுள்ள ரூஃப் வகை பார்க்க அழகாகவும் கைக்கு அடக்கமாகவும் இருந்தாலும், அதே தெளிவை அதில் பெறக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியிருக்கும். வாங்குமுன் கடை வாசலுக்கு வந்து, கருவியை ஒரு கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து வெளிச்சமான வானத்தை நோக்கிப் பாருங்கள். பின்கண்ணாடியில் தெரியும் ஒளிவட்டம் முழு வட்டமாக இருந்தால் உள்ளே உள்ள முப்பட்டகம் பிஏகே-4 எனப்படும் நல்ல கண்ணாடியால் ஆனதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஓரங்கள் சாம்பல் நிறத்தில் வெட்டுப்பட்டுச் சதுரம்போல் தெரிந்தால் அது மலிவான பிகே-7. அடுத்து, தொலைவிலுள்ள ஒரு மின்கம்பியைச் சில நிமிடங்கள் உற்றுப் பாருங்கள். கம்பி இரண்டாகப் பிரிந்தாலோ, கருவியை இறக்கிய பின் கண் இழுப்பதுபோல் இருந்தாலோ குழாய்கள் இரண்டும் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று பொருள். அந்தப் பெட்டியை வைத்துவிட்டு வேறொன்றைக் கேளுங்கள்.

மூக்குக்கண்ணாடி அணிவோருக்கு இன்னும் ஒன்று முக்கியம். கண்ணுக்கும் கருவிக்கும் இடையே எவ்வளவு தூரம் வரை இருந்தால் முழுக் காட்சியும் தெரியும் என்ற அளவு (ஐ ரிலீஃப்), விவரத்தாளில் மி.மீ. கணக்கில் இருக்கும். அது 16-க்குக் குறையாமல் இருக்கட்டும். கடையிலேயே உங்கள் கண்ணாடியை அணிந்தபடி, ரப்பர் விளிம்பை மடக்கியோ திருகி இறக்கியோ பார்த்துவிடுங்கள்.

கேள்வி: திருப்பூரில் பனியன் நிறுவனத்தில் வேலை. ஞாயிறுதோறும் நஞ்சராயன் குளத்துக்குப் போகிறேன். சேமித்து வைத்த தொகையில் 2000 மி.மீ. வரை ஜூம் உள்ள ஒரே துண்டுக் கேமரா வாங்குவதா, அல்லது பழைய டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) உடலும் 150–600 மி.மீ. லென்ஸும் கைமாற்றாக, அதாவது ஒருவர் பயன்படுத்தியதை, வாங்குவதா என்று தீர்மானிக்க முடியவில்லை.

பதில்: பறவையை அடையாளம் காண ஒரு பதிவு போதுமா, படம் படமாகவே நன்றாக இருக்க வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். முன்னதுதான் என்றால், ஒரு கிலோ அளவு எடையுள்ள, லென்ஸ் மாற்றவேண்டாத சூப்பர்ஜூம் கேமரா தாராளமாகப் போதும். ஆனால் 2000 மி.மீ. என்ற எண்ணுக்குப் பின்னால் இருப்பது ஒரு சிறு விரல் நகத்தைவிடச் சிறிய சென்சார் (ஒளியைப் பதியும் சில்லு) என்பதை மறக்க வேண்டாம். சாதாரண டிஎஸ்எல்ஆரில் உள்ள ஏபிஎஸ்-சி சென்சாரின் பரப்பு அதைப்போல் சுமார் 13 மடங்கு. வெளிச்சம் குறைவான காலை ஆறரை மணிக்கு அந்தப் பரப்புதான் கை கொடுக்கும். அத்துடன் பறக்கும் பறவையைத் தொடர்ந்து குவியப்படுத்துவதிலும் சூப்பர்ஜூம் தடுமாறும். ஆலா நீருக்குள் பாயும் கணம் அதில் பெரும்பாலும் தவறிப்போகும்.

150–600 லென்ஸை 1.5 மடங்கு வெட்டுள்ள (சென்சார் சிறியதாக இருப்பதால் காட்சி அவ்வளவு நெருக்கமாகத் தெரியும்) உடலில் பொருத்தினால் 900 மி.மீ.க்கு ஈடான நெருக்கம் கிடைக்கும். லென்ஸ் மட்டுமே ஏறத்தாழ இரண்டு கிலோ. பேருந்தில் ஏறி இறங்குபவருக்கு அது சிறிய சுமை அல்ல. நிறுவனங்களின் கவனம் உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களுக்கு மாறிவிட்டதால், பலர் தங்கள் டிஎஸ்எல்ஆர் கருவிகளை விற்றுவிட்டு மாறுகிறார்கள். நல்ல லென்ஸ்கள் கைமாற்றுச் சந்தைக்கு வருவது அதனால்தான். என் விருப்பம் இந்த இரண்டாவது வழி.

900 மி.மீ. போதாதே என்று நீங்கள் தயங்கினால், நம் ஏரிகளும் குளங்களும் வற்றும் விதத்தை நினைத்துப் பாருங்கள். கரை கட்டியிருப்பது தாழ்ந்த பக்கத்தில், மடையும் அங்கேதான். மேட்டுப் பக்கத்து நீர் முதலில் வற்றும். கடைசிவரை நீர் நிற்பது கரையை ஒட்டிய பள்ளத்தில். எனவே தை மாதத்தில் நடுநீரில் புள்ளிகளாகத் தெரிந்த பறவைகள் பங்குனியில், வற்றுகின்ற நீரோடும் அதில் திரளும் மீனோடும், கரையோரத்துக்குத் தாமாகவே நெருங்கி வருகின்றன. மடையான் இனப்பெருக்கக் கோலத்தில் முதுகு செம்பழுப்பாக மாறி நிற்பதும், உண்ணிக்கொக்கின் தலை பொன்னிறமாவதும் இந்த நாட்களில்தான். வடக்கே திரும்பவிருக்கும் உள்ளான்களும் புறப்படுமுன் நிறம் மாறத் தொடங்கும். 2024-ல் ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சர் பட்டியலில் சேர்ந்த உங்கள் குளத்திலும், காலையில் கிழக்கே வெயிலை முதுகுக்கு விட்டு அசையாமல் அமர்ந்தால், 400 மி.மீ.யிலேயே சட்டகம் நிறையும் நாட்கள் வரும்.

கைமாற்று லென்ஸை வாங்கும்போது இருட்டான அறையில் ஒரு டார்ச்சை ஒரு முனையிலிருந்து அடித்து, மறுமுனை வழியாகச் சாய்வாகப் பாருங்கள். தூசி இருந்தால் பரவாயில்லை. சிலந்தி நூல்போலக் கிளைத்த வெண்கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சை. விலையை எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள். பிறகு 150-லும் 600-லும் தலா இருபது படங்கள் எடுத்து, கேமராத் திரையில் அன்றி ஒரு கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். உடலின் ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்ற கணக்கைக் கேளுங்கள். மூல பில்லில் உள்ள வரிசை எண்ணும் கருவியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பில் தொலைந்துவிட்டது என்பவரிடம், அது கிடைத்த பிறகு வருவதாகச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடலாம். வணிகமாக விற்காத தனி ஆளிடம் வாங்கினால் பின்னர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழியும் அநேகமாக இராது. அதனால் இந்தச் சோதனைகளையே உங்கள் வாரண்டியாகக் கொள்ளுங்கள்.

கேள்வி: "1000 மீட்டர் வரை துல்லியம், இரவிலும் தெரியும்" என்ற விளம்பரத்தைப் பார்த்து இணையத்தில் ஒரு பைனாகுலர் வாங்கினேன். காட்சி இரண்டாகத் தெரிகிறது; இரவில் ஒன்றும் தெரியவில்லை. பெட்டியைப் பிரித்துவிட்டதால் திரும்பப் பெற முடியாது என்கிறார் விற்பனையாளர். கருவியில் 122 மீ/1000 மீ என்று பொறித்திருக்கிறது. தஞ்சாவூரில் இருக்கும் நான் யாரிடம் முறையிடுவது?

பதில்: பொறிப்பு பொய்யல்ல, அதை விளம்பரம் திரித்துவிட்டது. ஆயிரம் மீட்டர் தொலைவில் 122 மீட்டர் அகலம் தெரியும், அதாவது பார்வைக் கோணம் 7 பாகை, என்பதே அதன் பொருள். எவ்வளவு தூரம் தெரியும் என்பதற்கு அதில் ஒரு வார்த்தையும் இல்லை. அந்தக் கருவியில் நிலாவும்தான் தெரியும். இரவுப் பார்வை என்பது வெறும் விளம்பரப் பூச்சு. ஒளியைப் பெருக்கும் மின்னணு அமைப்பு இல்லாத எந்தப் பைனாகுலரும் இருளில் பார்க்க உதவாது.

பொருளில் குறைபாடு இருந்தாலோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாவிட்டாலோ, இணையத்தில் விற்பவர் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிக) விதிகள் சொல்கின்றன. பெட்டியைப் பிரிக்காமல் காட்சி இரண்டாகத் தெரிவதைக் கண்டுபிடிப்பது எப்படி என்று விற்பனையாளரையே கேட்கலாம். விளம்பரப் பக்கத்தை இன்றே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தகராறு என்றதும் வாசகங்கள் மாறிவிடுவதுண்டு. பின்னர் அந்த இணையதளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் முறையிடுங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாக ஒப்புதல் தந்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம்.

கடைசியாக மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊருக்குரிய ஆணையத்திலேயே புகார் தரலாம் என்பதால் விற்பனையாளர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் தஞ்சாவூரை விட்டுப் போக வேண்டியதில்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று. விலை உயர்ந்த லென்ஸ் வாங்கும்போது வரி மிச்சம் என்று நண்பரின் நிறுவன ஜிஎஸ்டி எண்ணைப் பில்லில் போடச் சொல்லும் வழக்கம் பரவியிருக்கிறது. வணிகத்துக்குப் பயன்படுத்தாத பொருளுக்கு வரிச் சலுகை பெறுவது தவறு என்பது ஒரு பக்கம். வணிக நோக்கத்தில் வாங்குபவர் சட்டப்படி நுகர்வோர் ஆகார் என்பதால், நாளை லென்ஸ் பழுதானால் வழக்குக்கான உரிமையையும் அந்தப் பில்லே பறித்துவிடக்கூடும்.

கேள்வி: பறவைகளின் குரலை ஒலிபரப்பி அவற்றை அருகே வரவழைக்கும் சிறு ஒலிபெருக்கி வாங்கலாமா? இலைப்பச்சை உடை அவசியமா? (ராமநாதபுரம்)

பதில்: ஒலிபெருக்கி வேண்டாம். இது ஆள்காட்டியும் பவழக்கால் உள்ளானும் வெறுந்தரையில் முட்டையிடும் காலம். பதிவு செய்த குரலை எதிரியின் குரலென்று எண்ணித் தாய்ப்பறவை எழுந்து போனால், பங்குனி வெயிலில் முட்டை வெந்துவிடும். கூட்டையும் முட்டையையும் தொந்தரவு செய்வது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டையின் வரையறைக்குள் வருகிறது என்பதும் நினைவிருக்கட்டும். குரலைக் கேட்டுப் பறவையை அடையாளம் காண மெர்லின் என்ற செயலி இலவசமாகவே கிடைக்கிறது. காது கொடுத்துக் கேட்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். உடைக்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டாம். வெளுத்துப்போன பழுப்புச் சட்டையே போதும், வெள்ளையை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: சுசீந்திரம் தேரூர்ப் பக்கம் படமெடுத்து வருகிறேன். லென்ஸில் ஏற்கெனவே ஒருமுறை பூஞ்சை பிடித்துவிட்டது. ஈரத்தை இழுக்க அரிசி டப்பாவில் வைக்கச் சொல்கிறார்கள். சரியா?

பதில்: சரியல்ல. அரிசித் தவிடு லென்ஸின் மடிப்புகளுக்குள் போய்ச் சேரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லைப் போட்டு வையுங்கள். நிறம் மாறியதும் அதை வாணலியில் மிதமான சூட்டில் வறுத்தால் மீண்டும் பயன்படும். கருவியோடு வந்த தோல் உறையில் மட்டும் மாதக்கணக்கில் வைக்காதீர்கள். பூஞ்சைக்கு அதைவிடப் பிடித்த இடம் கிடையாது. மின்சார உலர்பெட்டி நல்லதுதான் என்றாலும், ஒரே ஒரு லென்ஸ் வைத்திருப்பவருக்குத் தேவையில்லை. கோடையில் பூட்டிய காருக்குள் கேமராவை விட்டுச் செல்வதையும் தவிருங்கள். வாரம் ஒருமுறையாவது லென்ஸை வெளியே எடுத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தால் பூஞ்சை வருவது அரிது.