பராமரிப்பு உதவியாளரை வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கு: கேள்வி-பதில்

இங்கிலாந்தில் கவுன்சிலின் (உள்ளாட்சி மன்றத்தின்) டைரக்ட் பேமென்ட் பணத்திலோ, அதாவது பராமரிப்புக்காகக் கவுன்சில் நேரடியாகக் கையில் தரும் பணத்திலோ, சொந்தப் பணத்திலோ வீட்டில் பராமரிப்பு உதவியாளரை அமர்த்தியிருக்கும் வாசகர்களின் கேள்விகளில் சில.

பணம் தருவது கவுன்சில். அப்படியிருக்க, முதலாளி நானா, கவுன்சிலா? (ஹாரோ)

நீங்கள்தான். ஆளைத் தேர்ந்தெடுப்பதும் வேலை நேரம் சொல்வதும் சம்பளம் கொடுப்பதும் நீங்கள் என்றால், அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. உதவியாளர் வேலைக்கு வரும் முதல் நாளுக்கு முன்பே, குறைந்தது 50 லட்சம் பவுண்டுக்கான முதலாளி பொறுப்புக் காப்பீட்டை (வேலையில் ஊழியருக்கு அடிபட்டால் இழப்பீடு தருவது) எடுத்துவிடுங்கள். அது இல்லாத ஒவ்வொரு நாளுக்கும் 2,500 பவுண்டு வரை அபராதம் விதிக்க இடமுண்டு. வீட்டுக் காப்பீட்டில் இதுவும் அடங்கியிருக்கும் என்று நம்பி இருந்துவிடாமல் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள்.

அம்மாவைக் கவனிக்கும் பெண் ‘செல்ஃப் எம்ப்ளாய்ட்’ (சுயதொழில் செய்பவர்) ஆக இருக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். யூடிஆர் எண்ணும் இருக்கிறது. இனி எனக்குப் பொறுப்பு ஏதும் இல்லை அல்லவா? (இல்ஃபோர்ட்)

எல்லாப் பொறுப்பும் இருக்கிறது. வேறு எந்தக் கேள்வியையும் விட அதிகமாக இதுதான் எனக்கு வருகிறது, ஒவ்வொரு முறையும் மனம் கசக்கிறது. உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. அந்தப் பெண் வார நாள்களில் காலை எட்டு மணிக்கு வந்து ஒரு மணிக்குப் போகிறார். நேரத்தை வைத்தது நீங்கள். கையுறையும் ஏப்ரனும் வாங்கிக் கொடுப்பது நீங்கள். தனக்கு முடியாத நாளில் தன் தோழியை அனுப்ப அவர் கேட்டபோது நீங்கள் மறுத்திருக்கிறீர்கள். இத்தனையும் சேர்ந்தால் அவர் உங்கள் ஊழியர்; காகிதத்தில் என்ன எழுதியிருந்தாலும் நடைமுறையில் நடப்பதையே நீதிமன்றம் பார்க்கும் என்பதை 2021இல் உபர் ஓட்டுநர் வழக்கில் உச்ச நீதிமன்றமே உறுதிப்படுத்திவிட்டது. யூடிஆர் என்பது வரிக் கணக்கு எண் மட்டும். அதைக் காட்டி எதையும் நிரூபிக்க முடியாது.

நாளை வரித்துறையான எச்எம்ஆர்சி விசாரித்தால் கட்டாமல் விட்ட வரி, நேஷனல் இன்சூரன்ஸ் (சம்பளத்தின் மீது அரசுக்குக் கட்டும் காப்பீட்டுப் பங்களிப்பு), வட்டி, தண்டம் ஆகியவை உங்கள் தலையில்தான் விழும். அதைவிட எனக்குப் பொறுக்காதது வேறொன்று. உங்கள் அம்மாவைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது அந்தப் பெண்ணின் முதுகு பிடித்துக்கொண்டால், சம்பளத்துடன் விடுப்போ நோய்க்காலச் சம்பளமோ காப்பீடோ இல்லாமல் அவர்தான் வீட்டில் படுத்திருப்பார். செலவுக்கு அஞ்சித்தான் பலர் இப்படிச் செய்கிறார்கள். ஆனால் பராமரிப்பு உதவியாளரை வைத்திருப்பவர்களுக்கு ஆண்டுக்கு 10,500 பவுண்டு வரை எம்ப்ளாய்மென்ட் அலவன்ஸ் என்ற கழிவு உண்டு என்பதால், முதலாளி கட்ட வேண்டிய நேஷனல் இன்சூரன்ஸ் பெரும்பாலான வீடுகளில் ஒரு பென்னிகூட மிஞ்சாது. பல வீடுகளுக்குப் போய், தன் நேரத்தையும் கட்டணத்தையும் தானே வகுத்து, தனக்குப் பதில் ஆள் அனுப்பும் உரிமையும் உள்ளவர்தான் மெய்யான சுயதொழில் செய்பவர். உங்கள் வீட்டுப் பெண் அப்படிப்பட்டவர் இல்லை.

தூரத்துச் சொந்தக்காரப் பெண் எங்களுடன் தங்கி, எங்களுடன் சாப்பிட்டு, மாமாவைப் பார்த்துக்கொள்கிறாள். வீட்டுப் பிள்ளை மாதிரிதான். கைச்செலவுக்குக் கொடுத்தால் போதுமா? இல்லையென்றால் எவ்வளவு கொடுக்க வேண்டும்? (ஈஸ்ட் ஹாம்)

போதாது. குடும்பத்தில் ஒருவராக வாழ்பவருக்குக் குறைந்தபட்சக் கூலி தேவையில்லை என்றிருந்த விலக்கு, இப்படிச் சுரண்டப்பட்டதால்தான், 1 ஏப்ரல் 2024 முதல் நீக்கப்பட்டது. 21 வயது நிறைந்தவர் என்றால் ஏப்ரல் 2026 முதல் மணிக்கு 12 பவுண்டு 71 பென்ஸ் கொடுக்க வேண்டும். தங்க இடம் தருவதற்காக நாளுக்குப் பதினோரு பவுண்டு அளவில் கழித்துக்கொள்ளலாம். போடும் சோற்றுக்குக் கழிக்க முடியாது. அவளுடைய வயதையும் வேலை நேரத்தையும் எழுதாமல் ‘எவ்வளவு கொடுக்க வேண்டும்’ என்று கேட்டால் நான் எப்படிக் கணக்குச் சொல்வேன்?

மாணவர் விசாவில் வந்திருக்கும் தம்பி ஒருவர் வாரத்துக்கு 35 மணி நேரம் வேலை செய்யத் தயார் என்கிறார். பழைய பிஆர்பி (விசா உள்ளவர்களுக்கான குடியிருப்பு அனுமதி) அட்டையின் நகல் தந்திருக்கிறார். வைத்துக்கொள்ளலாமா? (குரோய்டன்)

வைக்காதீர்கள். பட்டப் படிப்பு மாணவர் பாடக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது; சுயதொழிலும் அவருக்கு அனுமதியில்லை என்பதால் மேலே சொன்ன குறுக்குவழியும் உதவாது. பிஆர்பி நகல் 2022 ஏப்ரல் முதல் சான்றாகச் செல்லாது. வேலைக்கு ஆள் வைப்பதென்றால், வேலை செய்யும் உரிமையைச் சரிபார்க்க அவர் அரசு இணையதளத்தில் பெறும் ஷேர் கோட் என்ற குறியீட்டை அவரிடம் வாங்கி, அரசு இணையதளத்தில் நீங்களே போட்டு, திரையில் வரும் புகைப்படமும் எதிரில் நிற்கும் முகமும் ஒன்றுதானா என்று பார்த்து, அந்தப் பக்கத்தைத் தேதியுடன் சேமித்து, அவர் வேலையை விட்டு இரண்டு ஆண்டுகள் ஆகும் வரை வைத்திருங்கள். தவறினால் முதல் முறையே 45,000 பவுண்டு வரை தண்டம். வேலைக்கு வரும் முதல் நாளுக்கு முன்பே இதைச் செய்யுங்கள்.

வாரம் மூன்று நாள் வருபவருக்கு விடுப்பு எவ்வளவு? (லெஸ்டர்)

5.6 வாரம், அதாவது ஆண்டுக்கு ஏறக்குறைய 17 நாள், சம்பளத்துடன்.

இரவில் தங்கித் தூங்குபவருக்கு முழு இரவுக்கும் மணிக் கூலி தர வேண்டுமா? (வெம்ப்ளி)

தூங்குவதற்கு என்றே ஏற்பாடு இருந்தால், எழுந்து வேலை செய்யும் நேரத்துக்கு மட்டும் குறைந்தபட்சக் கூலி கணக்காகும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அப்பா இரவில் ஐந்தாறு முறை எழுப்புகிறார் என்று நீங்களே எழுதுகிறீர்கள். அது தூக்கம் இல்லை, இரவு வேலை. அதற்கு முழுக் கூலி கொடுங்கள். எழுந்த நேரத்தைக் குறிக்கக் கட்டிலருகே ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள்.

அடுத்த மாதம் அம்மா முதியோர் இல்லத்துக்குப் போகிறார். நான்கு ஆண்டுகளாக அம்மாவைப் பார்த்துக்கொள்பவரை எப்படி நிறுத்துவது? (மில்டன் கீன்ஸ்)

இன்றே அவரிடம் பேசி, எழுத்திலும் கொடுங்கள். நான்கு ஆண்டு வேலை செய்தவருக்கு நான்கு வார முன்னறிவிப்பு உண்டு. இரண்டு ஆண்டுகள் கடந்தவர் என்பதால் பணிநீக்க இழப்பீடும் உண்டு. 22 முதல் 40 வயது வரை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு வாரச் சம்பளம், 41 வயது முதல் ஒன்றரை வாரம். எடுக்காத விடுப்புக்கும் பணம் கொடுக்க வேண்டும். டைரக்ட் பேமென்ட் கணக்கில் மீந்திருப்பதைக் கவுன்சிலுக்குத் திருப்பி அனுப்புவதற்கு முன், இந்தத் தொகைகளை அதிலிருந்து கொடுக்கலாமா என்று கவுன்சிலிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.