தூதர் விண்ணப்பம் இரண்டு தடவை போட்டும் பதில் வரவில்லை

வனவிலங்கு அமைப்பு ஒன்றின் தூதராக, அதாவது அதன் சார்பில் ஊரில் பேசுகிறவராக, இரண்டு தடவை விண்ணப்பித்தும் பதில் இல்லை என்று விண்ணப்பத்தையும் உங்கள் படத்தையும் இங்கே போட்டுக் கேட்டிருந்தீர்கள். "ஏன் தூதராக விரும்புகிறீர்கள்?" என்ற கேள்விக்கு "சின்ன வயதிலிருந்தே விலங்குகள் என்றால் உயிர்" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. வருகிற விண்ணப்பமெல்லாம் அதையேதான் சொல்லும். அழித்துவிட்டு, காரைக்குடியில் இருந்தபடி ஆறு மாதத்தில் என்ன செய்வீர்கள் என்று நாலு வரி எழுதுங்கள்.

விஷயம் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது. திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம், 1977-இல் அறிவித்தது. நத்தை குத்தி நாரை வந்து கூடு கட்டும் கண்மாய். பறவைகள் மிரளக் கூடாதென்று அங்குள்ள கொள்ளுக்குடிப்பட்டி ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை; இதைவிட நல்ல பேச்சு எங்கே கிடைக்கும்? இரண்டு பள்ளியில் பேச்சு, பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்குப் பத்துப் பேர், பார்த்த பறவைகளைப் பதியும் ஈபேர்ட் தளத்தில் மாதம் நாலு பட்டியல் என்று எண்ணிக்கையோடு கொடுங்கள்.

அனுப்புமுன் நீங்கள் இங்கே போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முற்றத்துத் தூணுக்குப் பின்னால் கிளிக்கூண்டு தொங்குகிறது. பச்சைக்கிளி வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விண்ணப்பத்திலும் இதே படம்தான் என்றால் வேறு காரணமே தேட வேண்டாம்.

இன்னும் ஒன்று: தூதர் வேலை பெரும்பாலும் சம்பளமில்லாதது. தேர்வானாலும் நன்கொடையை உங்கள் ஜிபேயில் வாங்காதீர்கள். அமைப்பின் கணக்குக்கே போகட்டும், ரசீதும் அவர்களே தரட்டும்.