‘முயற்ச்சி’ வேண்டாம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

விடாமுயற்சியும் விடாப்பிடியும் ஒன்றுதானே, ஐயா? (குடியாத்தம்)

இல்லை. தறியில் இழை அறுந்தால் முடிந்து, மறுபடி அறுந்தால் மறுபடி முடிந்து சேலையை இறக்குகிறவரிடம் இருப்பது விடாமுயற்சி. பாவு (தறியில் நீளவாட்டில் ஓடும் நூல்) தப்பு என்று தெரிந்த பிறகும் அதிலேயே நெய்வேன் என்பது விடாப்பிடி. பேச்சில் ‘விடாப்பிடியா நின்னு முடிச்சான்’ என்று புகழ்வதும் உண்டு; இடம் பார்த்துப் பொருள் கொள்ளுங்கள்.

‘விடா முயற்சி’ என்று பிரிக்கலாமா? (ஆற்காடு)

சேர்த்தே எழுதுங்கள். ‘விடாத’ என்பதன் கடைசி எழுத்து போய் ‘விடா’ என்று நிற்கிறது; இலக்கணத்தில் இது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். அடுத்து வல்லினம் வந்தால் மிகும்: விடாப்பிடி, அழியாப்புகழ். ‘விடாத பிடி’ என்றால் மிகாது.

‘முயற்சியுடையார் இகழ்ச்சியடையார்’ எத்தனையாவது குறள்? (ஆம்பூர்)

குறளே இல்லை, பழமொழி. குறளுக்கு ஏழு சீர். எண்ணிப் பார்த்துவிட்டுக் கடிதம் எழுதியிருக்கலாம்.

616ஆம் குறளில் ‘முயற்றின்மை’ என்று இருக்கிறதே, அச்சுப்பிழையா? (ஆரணி)

பிழையில்லை. முயற்று என்றாலும் முயற்சிதான்.

எங்கள் தெருவில் ஒரு டியூஷன் சென்டர் பலகையில் ‘விடாமுயற்ச்சி வெற்றி தரும்’ என்று இருக்கிறது. ‘வளர்ச்சி’ என்று எழுதும்போது இது மட்டும் ஏன் தப்பு என்கிறார்கள்? (சத்துவாச்சாரி)

நல்ல வேளை, கேட்டீர்கள். வேலூரில் காட்பாடியிலிருந்து பாகாயம் வரை பேனருக்குப் பேனர் இந்தப் பிழையைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். ற் வல்லின மெய். அதன் பின்னால் புள்ளி வைத்த இன்னொரு மெய்யைத் தமிழ் ஏற்காது. ட் என்ற மெய்க்கும் இதே சட்டம். ‘ஆட்ச்சி’, ‘காட்ச்சி’ என்று யாராவது எழுதுகிறோமா? ர் இடையினம். ய், ர், ழ் மூன்றுக்குப் பின்னால் மட்டும் இன்னொரு மெய் நிற்கலாம்: வாய்க்கால், வளர்ச்சி, தாழ்ப்பாள். இதில் வளர்ச்சியைப் பார்த்து முயற்சியை எழுதுவதால்தான் இந்தக் கோளாறு. முயல் என்பதன் ல்தான் ‘சி’ சேரும்போது ற் ஆகிறது. பயில், பயிற்சி ஆவதும் அப்படியே. இரண்டு நிமிடத்தில் சொல்லிக்கொடுக்கக் கூடிய விதி இது. பிள்ளைகள் தினமும் நுழைகிற வாசலில் அதைத் தப்பாக எழுதி மாட்டுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. பெயின்டரைக் குறை சொல்லாதீர்கள், எழுதிக்கொடுத்தவர்தான் பொறுப்பு. ற் போட்டால் அடுத்த புள்ளி கிடையாது. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

‘உஞற்று’ என்றால் என்ன? (வாணியம்பாடி)

சளைக்காமல் முயல்வது. ‘ஊழையும் உப்பக்கம் காண்பர் உலைவின்றித் தாழாது உஞற்று பவர்’: 620ஆம் குறள். மனம் கலங்காமல், குறை வைக்காமல் முயல்கிறவர் விதியையும் புறமுதுகிட வைப்பார். இந்த அதிகாரத்துக்குப் பெயர் ஆள்வினையுடைமை. விடாமுயற்சி என்பதற்கு இதைவிடச் சிறந்த சொல் எனக்குத் தெரியாது. வழக்கில் விட்டுவிட்டோம்.

பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு நம் மாவட்டத்து எடுத்துக்காட்டு ஒன்று வேண்டும். (வாலாஜாபேட்டை)

தமிழறிஞர் மு. வரதராசனார். நம் பழைய வடார்க்காடு மாவட்டத்துக்காரர், 1912இல் பிறந்தவர். திருப்பத்தூர் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர், உடல்நலம் கெட்டு வேலையை விட்டார். பிறகு தமிழைத் தாமாகப் படித்து 1935இல் வித்துவான் தேர்வில் தேறினார். 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தரானார். அவருடைய திருக்குறள் தெளிவுரை உங்கள் வீட்டிலேயே இருக்கும். முதலில் அதில் 62ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமையைப் படித்துவிட்டு மேடை ஏறுங்கள்.

‘தொடர் விடாமுயற்சி’ என்று எழுதலாமா? (ராணிப்பேட்டை)

விடாமல் செய்வதே தொடர்ந்து செய்வதுதான். ‘தொடர்’ வேண்டாம்.